இடப்பக்கச் சாய்வு

பெர்கன் நகரில் மழை ஒரு செய்தியே அல்ல,
அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

என் வேலை கப்பல்களின் காயங்களைக் கணக்கிடுவது.
எந்தத் தகடு நெளிந்தது, எத்தனை டிகிரி சாய்ந்தது,
சரக்கு ஏற்றும்போதா, புயலிலா,
யார் பணம் கட்ட வேண்டும்.
பதினாறு வருடம். ஒரே நாற்காலி.
அதன் இடது கைப்பிடி கிழிந்து
பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கிறது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
எதிர்மேசை கெய்ர்முண்ட்
என்னைப் பக்கவாட்டில் படம் எடுத்துவிட்டான்.
கேலிக்காக இல்லை. கைபேசி புதிது.
ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்த கடற்புறாவை எடுக்கப்போக
நான் குறுக்கே விழுந்திருக்கிறேன்.
கடற்புறா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பழக்கதோஷம், அறிக்கை தானாக ஓடியது:
முன்பகுதி தாழ்ந்துள்ளது.
தலை, தோளைவிட ஏழு சென்டிமீட்டர் முன்னால்.
இடப்பக்கச் சாய்வு, சுமார் நான்கு டிகிரி.
வலது கால் இடது தொடைக்கடியில்;
சரக்கு முறையாகக் கட்டப்படவில்லை.
காரணம்: நாட்பட்ட தேய்மானம்.

தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது.
எத்தனை பேருக்கு நானே எழுதியிருக்கிறேன்
அந்த ஒற்றை வரியை,
வருத்தத்துடன் என்று தொடங்கி.

அலுவலகம் ரன்வெய்க்கை அனுப்பியது.
கையில் அளவுநாடா, வாயில் ஆரஞ்சு மிட்டாய்.
நாற்காலிக்கடியில் கைவிட்டு ஒரு நெம்புகோலை அழுத்தினாள்.
அப்படி ஒன்று அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.
இருக்கை மெல்ல எழும்பியது, என் கால்கள் தொங்கின.
கால்களுக்கடியில் பழைய கட்டண அட்டவணைக் கோப்பு.
திரைக்கடியில் கடல்சார் சட்டம், இரண்டு தொகுதிகள்.
சட்டம் அன்றுதான் என் கண்முன்னால்
எதையோ தாங்கியது.

நிமிர்ந்து உட்கார் என்று அவள் சொல்லவில்லை.
"உட்காருவதற்கென்றே இரண்டு எலும்புகள் இருக்கின்றன.
அவற்றைத் தேடுங்கள்.
கிடைத்ததும் பாரத்தை அவற்றிடம் விட்டுவிடுங்கள்."
முன்னும் பின்னும் அசைந்து தேடினேன்.
நாற்பத்தொன்பது வயதில்
என் சொந்த எலும்புகள் இரண்டுக்கு
முதன்முதலாக முகமன் சொன்னேன்.

ஒரு தொல்லை.
திரை உயர்ந்ததில் கெய்ர்முண்ட் காணாமல் போனான்.
இத்தனை காலம் திரைக்கு மேலே தெரிந்த வழுக்கை,
கண்ணாடிக்கு மேலே ஏறும் புருவம், ஒன்றுமில்லை.
இருமல் மட்டும் வந்தது.
ஸ்டேப்ளர் வேண்டுமென்றால் எழுந்து நின்றுதான் கேட்கவேண்டும்.
மதியத்துக்குள் ஒன்பது முறை எழுந்தேன்,
அவன் ஆறு.
கடல்நாய்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டுவதுபோல
மாறி மாறி.
நான் நினைத்ததைவிட உயரம் அவன்.
உட்கார்ந்த மனிதனைத்தான் இவ்வளவு நாளும்
அறிந்திருந்தேன்.

நாலு மணிக்கு வடக்கிலிருந்து ஒரு கோப்பு வந்தது.
மீன்பிடிப் படகு. அறுந்த கயிறு.
இருபத்துமூன்று வயதுத் தளப்பணியாளன்.
எந்திரக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை
ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள்:
பென்சில் எழுத்து, உப்புநீர் பட்டு மங்கியது,
"எண்ணெய் அழுத்தம் சரி" என்று.
அவன் எழுதியது.

முகவாய் முதலில் போனது.
கழுத்து அதன் பின்னால். பிறகு தோள்கள்.
கவனித்தபோது மூக்கு திரையைத் தொட இருந்தது.
ரன்வெய்க் கேட்டால் சொல்லியிருப்பேன்:
எட்ட இருந்து படிக்க முடியவில்லை, அம்மா,
இதை மட்டும்.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன்.
பிறகு அந்த இரண்டு எலும்புகளைத் தேடினேன்.
விட்ட இடத்திலேயே இருந்தன.
அவற்றின் மேல் உட்கார்ந்து
தொகையை எழுதினேன், விதியில் உள்ள உச்சவரம்பு.
வருத்தத்துடன் என்ற சொல்லை
அடித்து, மறுபடியும் எழுதினேன்.

எழுந்து நின்றேன்.
திரைக்கு அப்பால் அவனும் எழுந்தான்.
என்ன வேண்டும் என்றான்.
தெரியவில்லை என்றேன்.
ஒரு கணம் யோசித்து
ஸ்டேப்ளரை நீட்டினான்.